பரதேசி ஆகப் பழகுவது: கிறிஸ்தவர்கள் ஏன் திருப்பயணம் போகிறார்கள்?

எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு தை மாதமும் பழனிக்கு நடந்து போகிறவர். மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறேன் என்று சொல்லி வீட்டுச் சாவியை அவரிடம் கொடுக்கப் போனேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிக் கேட்டார்.

"ஏன் தம்பி, உங்க சாமி எல்லா எடத்துலயும் இருக்கறாருன்னு நீதான சொல்லுவ? எங்க முருகன் பழனி மலை மேல நிக்கிறாரு, நாங்க போறோம். உனக்கு இங்க நாலு ரோட்டுக்கிட்டயே பெரிய கோயில் இருக்கு. அப்புறம் எதுக்கு அத்தன தூரம் நடக்கணும்?"

"நேர்ச்சைக்கா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டேன். அது பதில் ஆகாது என்று எனக்கே தெரிந்தது. சேலத்திலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரம் நடந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடிந்தது. அக்கா கேட்டதைப் போலவே கேட்கிற நண்பர்களுக்காகவும், வருடாவருடம் வேனில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிற எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சபை, இளைஞர்களுக்காகவும் அதை இங்கே எழுதுகிறேன்.

சரி, ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். 'பரதேசி'.

இன்று அது வசைச்சொல். கோபத்தில் ஒருவரைத் தாழ்த்துவதற்குச் சொல்கிறோம். ஆனால் பரதேசி என்றால் வேறு தேசத்தவர், அவ்வளவுதான். ஊர் ஊராக நடந்து, கிடைத்த திண்ணையில் படுத்து, கொடுத்ததை உண்டு போகிற துறவிக்கும் அதுவே பெயர். சாலையோரச் சத்திரங்களில் அவர்களுக்கு மரியாதையாகச் சோறு போட்ட காலம் ஒன்று இருந்தது.

ரோமாபுரியின் லத்தீன் மொழியிலும் இதற்குச் சமமான ஒரு சொல் உண்டு: பெரெக்ரீனுஸ். ரோமக் குடியுரிமை இல்லாதவர், வெளியூரார், அந்நியர் என்று பொருள். திருப்பயணியைக் குறிக்கும் 'பில்கிரிம்' என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்ததுதான். ஆக, சொல்லின் வேரைப் பார்த்தால் திருப்பயணி என்பவர் பரதேசிதான். புனித இடத்துக்குப் போகிறவர் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். தன் இடத்தை விட்டு வெளியே வந்தவர் என்பதே முதல் பொருள்.

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. எபிரெயர் திருமுகம் என்ற கடிதத்தின் 11ஆம் அதிகாரம் ஆபிரகாமையும் அவர் வழிவந்தவர்களையும் பற்றிப் பேசும்போது, அவர்கள் பூமியின்மேல் தங்களை "அந்நியரும் பரதேசிகளும்" என்று அறிக்கையிட்டதாகச் சொல்கிறது. யாரோ அவர்களை அப்படி ஏசவில்லை. அவர்களே தங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். சிறுவயதில் இதைக் கோயிலில் வாசிக்கக் கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது இந்த ஒரு சொல்லில்தான் திருப்பயணத்தின் உட்பொருள் முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆபிரகாமின் கதை எளிமையானது. "உன் நாட்டையும் உன் இனத்தாரையும் உன் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்படு" என்று கடவுள் சொல்கிறார். எங்கே என்று கேட்டால், நான் காட்டும் நாட்டுக்கு என்பதோடு சரி. ஊர்ப் பெயர் இல்லை, வழி இல்லை, போய்ச்சேரும் நாள் இல்லை. எழுபத்தைந்து வயது மனிதர் புறப்பட்டுப் போகிறார். கிறிஸ்தவர்களும் யூதர்களும் தங்கள் விசுவாசத்தின் தந்தை என்று சொல்வது ஓர் அரசனையோ அறிஞரையோ அல்ல, இப்படிக் கிளம்பிப் போன ஒருவரை.

அவருடைய வழித்தோன்றல்கள் பின்னாளில் நிலம் பெற்று, வீடு கட்டி, விவசாயம் செய்து ஓரிடத்தில் நிலைத்துவிட்டார்கள். அப்போதும் அவர்களை மறக்கவிடாமல் ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். முதல் விளைச்சலைக் கூடையில் எடுத்துக்கொண்டு குருவிடம் வருகிற விவசாயி, தன் தந்தை ஊர் ஊராய் அலைந்து திரிந்த ஓர் அரமேயன் என்று சொல்லித்தான் கூடையை வைக்க வேண்டும். இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. சொந்த நிலத்தில் விளைந்ததைக் கையில் பிடித்துக்கொண்டே, நான் பரதேசியின் பிள்ளை என்று சொல்லச் செய்வது எத்தனை ஆழமான ஏற்பாடு! வருடத்துக்கு மூன்று பெருவிழாக்களுக்கு ஆண்கள் ஆண்டவரின் திருமுன் வர வேண்டும் என்ற சட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் வழிப்போக்கராக இருந்துவிட்டு வா என்கிறது அந்தச் சட்டம்.

மலைகளை நோக்கி

அப்படி எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியவை என்று 15 பாடல்கள் திருப்பாடல் நூலில் இருக்கின்றன, 120 முதல் 134 வரை. பழைய மொழிபெயர்ப்பு இவற்றுக்கு 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பிட்டது. சங்கீதம் படித்தவர்களுக்கு ஆரோகணம் தெரியும், சுரங்கள் மேலே ஏறுவது. இங்கே ஏறுவது கால்கள். எரிகோ நகரம் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. எருசலேம் சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே எரிகோ வழியாக வருகிறவருக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் ஏற்றம். சேலத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறோம், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அடிவாரத்திலிருந்து நடந்து ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த மூச்சிரைப்பு தெரியும். அதைவிடச் சற்றுக் குறைந்த ஏற்றத்தைத்தான் அந்த மக்கள் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் பாடிக்கொண்டு ஏறினார்கள்.

அந்தப் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது 121ஆவது. எங்கள் மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை நீளமாகக் கிடப்பது தெரியும். மழை விட்ட காலை வேளைகளில் மேகம் மலையின் இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். அங்கே நின்று இந்தப் பாடலைச் சொல்வது எனக்குப் பழக்கம். பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்று தொடங்கும். கேட்டால் மலையிலிருந்தே உதவி வருவது போல இருக்கும். புதிய மொழிபெயர்ப்பு இதையே கேள்வியாக ஆக்கியிருக்கிறது. மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துகிறேன், எங்கிருந்து எனக்கு உதவி வரும்? அடுத்த வரியில் பதில் வருகிறது: விண்ணையும் மண்ணையும் உண்டாக்கிய ஆண்டவரிடமிருந்தே. கண் மலையைப் பார்க்கிறது, மனம் மலையை உண்டாக்கினவரைத் தேடுகிறது. மலை தேவைதான், தலையை நிமிர்த்துவதற்கு. அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் சிலர் இதை ஆர்வத்தோடு கேட்பார்கள். விவிலியத்தில் 'சாலேம்' என்று ஓர் ஊர் வருகிறது, மெல்கிசெதேக்கு அரசாண்ட ஊர். எருசலேமைத்தான் அது குறிக்கிறது என்று காலங்காலமாகக் கொள்கிறார்கள். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒலி ஒத்திருக்கிறதே தவிர வேறு தொடர்பு இல்லை. நம் ஊர்ப் பெயருக்குச் சேரரோடும் சைலத்தோடும், அதாவது மலையோடும், சேர்த்துப் பொருள் சொல்கிறார்கள். அதுவே நமக்கு அழகாகத்தானே இருக்கிறது.

எங்கும் இருப்பவரைத் தேடிப் போவதா?

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அது வெளியிலிருந்து வந்த கேள்வி அல்ல. கிறிஸ்தவத்துக்குள்ளேயே பெரியவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

யோவான் நற்செய்தியில் ஒரு சமாரியப் பெண் கிணற்றடியில் இயேசுவிடம் இதைக் கேட்கிறார். எங்கள் முன்னோர் இந்த மலையில் வழிபட்டார்கள், நீங்களோ எருசலேமில்தான் வழிபட வேண்டும் என்கிறீர்கள், எது சரி? இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, உள்ளத்தில் உண்மையோடு வழிபடும் காலம் வருகிறது என்கிறார் இயேசு. நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்குப் போய் வந்த நிசா நகர் கிரகோரி, இடம் மாறுவதால் மட்டும் கடவுள் நெருங்கி வந்துவிட மாட்டார் என்று எழுதினார். விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். இயேசு பிறந்த பெத்லகேமிலேயே பல வருடம் வாழ்ந்தவர் அவர். எருசலேமிலிருந்தும் பிரித்தானியத் தீவிலிருந்தும் விண்ணகத்துக்கு வழி ஒரே மாதிரிதான் திறந்திருக்கிறது என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பிரித்தானியா அன்றைக்கு ரோம உலகத்தின் கடைக்கோடி. நம் பேச்சில் சொன்னால், வேளாங்கண்ணியிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் மோட்சத்துக்கு ஒரே தூரம்தான்.

ஆனால் அதே எரோணிமுஸ் பெத்லகேமை விட்டுப் போகவில்லை. இதைத்தான் நான் வெகுநாள் யோசித்தேன். இடம் முக்கியமில்லை என்றவர் ஏன் அந்த இடத்திலேயே இருந்தார்?

நடந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான். கடவுள் எங்கும் இருக்கிறார், நாம் எங்கும் இருப்பதில்லை. நான் என் வீட்டில் இருக்கிறேன், என் கடையில் இருக்கிறேன், என் வண்டியில் இருக்கிறேன். என்னுடையது, எனக்குத் தெரிந்தது, என்னை மதிக்கிறவர்கள் என்று ஒரு வேலி போட்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் கடவுள் வருகிறார், ஆனால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. திருப்பயணம் கடவுளை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதில்லை, என்னைத்தான் வேலிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துகிறது. இவ்வுலகில் நான் நிரந்தரமாகக் குடியிருக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமா? துக்க வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மூளைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிவதில்லை. உடம்பு எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்கிறது. அது கற்பதற்கு நடக்க வேண்டியிருக்கிறது.

என் உடம்பு நான்காம் நாள்தான் கற்கத் தொடங்கியது. நாமக்கல் தாண்டித் தொட்டியம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. மாலையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. குதிகாலில் கொப்புளம் உடைந்து நான் குழுவிலிருந்து பின்தங்கிவிட்டேன். என்னோடு எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். சாலையோரம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். கதவைத் திறந்த அம்மா நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். எங்கள் காவி உடையைப் பார்த்ததும், "உள்ள வாங்க சாமி, எந்த ஊரு?" என்றார். என்னை அதுவரை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. பெயர் கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. உப்பு போட்ட வெந்நீர் கொண்டுவந்து வைத்துக் காலை ஊறவைக்கச் சொன்னார். ரசமும் சோறும் போட்டார். காலையில் கிளம்பும்போது பணம் நீட்டிய என் கையைப் பிடித்து மடக்கிவிட்டு, "அம்மாகிட்ட எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்றார்.

அந்தத் திண்ணையில் படுத்துக்கொண்டு நான் யோசித்தது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை. கடைசி நாளில் ஆண்டவர் சொல்வார்: அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். இதை நான் எப்போதும் வீட்டுக்குள் இருப்பவனாகவே கேட்டிருக்கிறேன். கதவைத் தட்டும் அந்நியருக்குத் திறக்க வேண்டியவன் நான் என்று. அன்று முதல் முறையாகத் தட்டியவன் நானாக இருந்தேன். இயேசு தன்னை எந்தப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டுகிற பக்கத்தில். எங்கள் தெரு வழியாகத் தை மாதம் முழுக்கப் பழனிக்கு ஆட்கள் நடந்து போகிறார்கள். ஒரு செம்பு தண்ணீர் நான் கொடுத்ததில்லை. அது அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

சேலத்துக்கு இது பொருத்தமான நினைவுதான். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று நாம் அறிந்தவர், 1623இல் அங்கிருந்து கிளம்பிச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தார். காவி உடுத்த சந்நியாசியின் கோலத்தில். இந்தப் பக்கம் நற்செய்தி ஒரு பரதேசியின் காலோடு வந்தது.

நேர்ச்சை பேரமா?

நான் அக்காவிடம் சொன்ன 'நேர்ச்சை' என்ற பதிலைப் பற்றியும் பேச வேண்டும். சீர்திருத்த சபையினர் பொருத்தனை என்பார்கள். குழந்தை பிறந்தால் நடந்து வருகிறேன், அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தால் முடி காணிக்கை தருகிறேன் என்று வேண்டிக்கொள்வது. இது கடவுளிடம் வியாபாரம் பேசுவதில்லையா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி வியாபாரமாகவே முடிந்துவிடுவதும் உண்டு.

ஆனால் விவிலியத்தில் ஒரு நேர்ச்சை இருக்கிறது, அதைப் படித்த பிறகு நேர்ச்சையை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. அன்னா என்ற பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் சக்களத்தி குத்திக்காட்டுகிறாள். வருடாவருடம் குடும்பமாகச் சீலோவில் இருந்த ஆண்டவரின் இல்லத்துக்குப் போகிறார்கள். திருப்பயணம்தான். அங்கேயும் அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்குவதில்லை, அழுகிறார். ஒரு வருடம் எழுந்து போய்த் தனியாக நின்று, உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் வேண்டுகிறார். ஒரு மகனைத் தந்தால் அவனை உமக்கே தந்துவிடுகிறேன் என்று நேர்ந்துகொள்கிறார். குரு ஏலி அவர் குடித்திருப்பதாக நினைத்துத் திட்டுகிறார். இல்லை ஐயா, என் மனத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன் என்கிறார் அன்னா. ஏலி ஆசி கூறி அனுப்புகிறார்.

அடுத்த வரியைக் கவனியுங்கள். அன்னா போய்ச் சாப்பிட்டார், அதற்குப் பின் அவர் முகம் வாடியிருக்கவில்லை என்கிறது முதலாம் சாமுவேல் நூல். இன்னும் பிள்ளை வரவில்லை. வரும் என்ற உறுதிகூட இல்லை. சாமுவேல் பிறப்பது பிறகு நடக்கும் கதை. கேட்டது கிடைப்பதற்கு முன்பே கேட்டவர் மாறிவிட்டார். வருடாவருடம் போய் வந்த அந்த வழியில் எங்கோ அவருடைய பாரம் கை மாறியிருக்கிறது. அது மட்டுமல்ல, எதைக் கேட்டாரோ அதையே திருப்பிக் கொடுப்பதாக நேர்ந்துகொள்கிறவர் எந்த வியாபாரத்தில் இலாபம் பார்க்க முடியும்?

வேளாங்கண்ணி வழியில் என்னோடு நடந்தவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வேண்டுதலோடு வந்தவர்கள்தான். எட்டாம் நாள் யாரும் தங்கள் வேண்டுதலைப் பற்றிப் பேசவில்லை. அடுத்தவரின் வேண்டுதலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருச்சபையே அவர்களுக்கு வழி செய்திருக்கிறது. எருசலேமுக்குப் போய் இயேசு சிலுவை சுமந்த தெருவில் நடக்க எல்லாராலும் முடியாது. அதனால் அந்த வழியையே கோயில் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் இதை ஊர் ஊராகப் பரப்பினார்கள். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் காலத்தில் அந்த வழியில் நின்று செபிக்கும் நிலைகள் 14 என்று நிலைபெற்றன. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளில் நாம் செய்யும் சிலுவைப்பாதை, ஒரு கோயிலுக்குள்ளேயே நடந்து முடிக்கும் எருசலேம் திருப்பயணம். முழங்கால் தேய்ந்த பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்தபடி முகத்தை மட்டும் ஒவ்வொரு நிலைக்கும் திருப்புவார்களே, அதுவும் நடைதான்.

சிஎஸ்ஐ, லுத்தரன் சபை நண்பர்கள் திருத்தலங்களுக்குப் போவதில்லை. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் திருப்பயணங்களைக் கடுமையாகக் கண்டித்தார். புனிதர்களின் எலும்பு, உடை போன்ற திருப்பண்டங்களையும் பாவப் பரிகாரத்தையும் வைத்துக் காசு பார்த்த காலம் அது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் யாத்திரையை விட்டுவிடவில்லை, உள்ளே எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கை முழுவதுமே மோட்ச நகரத்துக்குப் போகும் ஒரே நடை என்று பார்த்தார்கள். 1894இல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் காப்பியமாகவே பாடிய 'இரட்சணிய யாத்திரிகம்' அந்த வழியில் வந்ததுதான். கத்தோலிக்கரும் இதையே வேறு விதமாகச் சொல்கிறோம். 1964இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையையே பயணம் செய்யும் திருச்சபை என்று அழைத்தது. ஆங்கிலத்தில் பங்கை 'பாரிஷ்' என்கிறோமே, அது கிரேக்கத்தில் அந்நியராகத் தங்கியிருப்பதைக் குறிக்கும் 'பரோய்க்கியா' என்ற சொல்லிலிருந்து வந்தது. இத்தனை பெரிய கட்டடம் கட்டி, கல்வெட்டு பதித்து, சுற்றுச்சுவர் எழுப்பி வைத்திருக்கும் நம் பங்குகளுக்கு உண்மையில் 'பரதேசிகள் தங்கும் இடம்' என்றுதான் பெயர்.

ஏற்காட்டுச் சாலையில்

புதிதாகத் தொடங்குகிறவர் உடனே வேளாங்கண்ணிக்கு நடக்க வேண்டியதில்லை. ஏற்காட்டுக்கே போகலாம். எத்தனையோ முறை போயிருப்பீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி, திரும்பும்போது காப்பித்தூள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே சாலையில் திருப்பயணமும் போகலாம், அது வேறு மாதிரி இருக்கும்.

ஏற்காடு என்றதும் மான்ஃபோர்ட் பள்ளி நினைவுக்கு வரும், 1917இல் தொடங்கியது. அந்தப் பெயருக்கு உரிய புனித லூயிஸ் மோன்ஃபோர்ட் பெரும் நடையாளி. பிரான்சிலிருந்து ரோமுக்கு நடந்தே போய் 1706இல் திருத்தந்தை பதினொன்றாம் கிளமெண்டைச் சந்தித்தார். 1716இல் 33 ஆண்களைச் சொமூர் என்ற ஊரின் அன்னை ஆலயத்துக்கு நடைப்பயணமாக அனுப்பிவைத்தார். எப்படிப் போக வேண்டும் என்று அவர்களுக்கு எழுதியும் கொடுத்தார். நல்ல மறைப்பணியாளர்களை இறைவன் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே அந்தப் பயணம். தங்களுக்காக எதையும் கேட்கப் போகவில்லை அவர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மோன்ஃபோர்ட் இறந்துபோனார்.

அதை மனத்தில் வைத்து, போன தவக்காலத்தில் நாங்கள் ஏழு பேர் விடிவதற்கு முன் அடிவாரத்திலிருந்து ஏறினோம். ஒவ்வொருவரும் வேறு ஒருவருக்காக நடப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். செல்போனை அணைத்துவிட்டோம். முதல் ஐந்து வளைவு வரை மௌனம், அப்புறம் செபமாலை. சில வளைவுகளில் நின்று நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்தோம். 380களில் மேற்கிலிருந்து எருசலேமுக்கும் சீனாய் மலைக்கும் போன எகேரியா என்ற பெண்மணியிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் அது. அவர் தன் சகோதரிகளுக்கு எழுதிய கடிதத்தில், ஒவ்வோர் இடத்திலும் செபித்து, அந்த இடத்துக்கு உரிய விவிலியப் பகுதியை வாசித்து, ஒரு திருப்பாடலும் பாடியதாகச் சொல்கிறார். பாதி வழியில் சேலம் முழுவதும் கீழே தெரிகிறது. என் வீடு எங்கே என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே கோயிலில் திருப்பலி, அதற்கு முன் ஒப்புரவு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது. ஒப்புரவுக்குப் போகாமல் திரும்பும் திருப்பயணம் பாதியில் நிற்பது என்றே நான் நினைக்கிறேன். இத்தனை தூரம் சுமந்ததை இறக்கி வைக்காமலே திரும்பினால் எதற்காக ஏறினோம்?

திரும்புவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உயிர்த்த ஞாயிறன்று இரண்டு சீடர்கள் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு நடந்த கதையை லூக்கா சொல்கிறார். சுமார் 11 கிலோமீட்டர், சேலம் டவுனிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் புனித இடத்துக்குப் போகவில்லை, புனித நகரத்தை விட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஓர் அந்நியர் சேர்ந்துகொண்டார். எருசலேமில் தங்கியிருந்தும் நடந்தது தெரியாத அந்நியர் நீர் ஒருவர்தானா என்று அவரிடமே கேட்கிறார்கள். இருட்டுகிறதே, எங்களோடு தங்கும் என்று கூப்பிடுகிறார்கள். அவர் அப்பத்தை எடுத்துப் பிட்டபோதுதான் அடையாளம் தெரிகிறது. அந்த வழிப்போக்கரை வாசலோடு அனுப்பியிருந்தால் ஆண்டவரை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். அப்புறம் அதே இரவில் அதே 11 கிலோமீட்டர் திரும்பி ஓடுகிறார்கள், மற்றவர்களிடம் சொல்வதற்கு.

செப்டம்பர் 8, அன்னையின் பிறந்தநாள் திருவிழா முடிந்து நாங்கள் பேருந்தில் திரும்பினோம். பத்து நாள் நடந்த வழி ஓர் இரவில் முடிந்துவிட்டது. தொட்டியம் பக்கம் வரும்போது விழித்திருந்து பார்த்தேன். இருட்டில் எந்த வீடு என்று தெரியவில்லை. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்துவிட்டுச் சாவியோடு ஒரு சொம்பு வெந்நீரும் கொண்டுவந்தார். "பார்த்தியா உங்கம்மாவ?" என்று கேட்டார். வழியிலேயே பார்த்துவிட்டேன் அக்கா என்றேன்.

அடுத்த தை மாதம் அவர் பழனிக்குக் கிளம்பும்போது அவர் வீட்டுச் சாவி என்னிடம் வந்தது. அந்த வருடம் எங்கள் வாசலில் இரண்டு குடம் மோர் கரைத்து வைத்தோம், கூடவே ஒரு பெஞ்சும், கால் நனைக்க ஒரு அன்னக்கூடையில் உப்பு போட்ட வெந்நீரும்.